அட்டைப் பார்ட்டிக்கு அம்மன் வந்த கதை

கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. அதுதான் முதலில் என் கண்ணில் பட்டது. எங்கள் கச்சேரியில் யாரும் யாருக்கும் வழிவிட்டதாகச் சரித்திரம் கிடையாது. முண்டியடிப்பார்கள், ஒருவர் தோளில் ஒருவர் ஏறுவார்கள், மேடைக்கு முட்டுக்கொடுத்த மூங்கிலைப் பிடித்து ஆட்டுவார்கள். அன்று இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றார்கள்.

நடுவில் ஒரு பெண் வந்தாள். கறுப்புக் கம்பளியில் எதையோ சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். மேடைக்குப் பக்கத்தில் வந்தபிறகுதான் அது குழந்தை என்று தெரிந்தது. ஒரு கை வெளியே தொங்கியது. அதில் சிவப்பு ரப்பர் வளையல்.

முத்துலட்சுமி. எஸ்டேட் வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு மேல் லயம். கொழுந்து எடுப்பவள். குழந்தை செல்விக்கு நாலு வயது.

நான் டிரம் அடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தவில்லை.

போன வாரம், ராஜு பழைய வால்வு ரேடியோவைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் கட்டிய கதையை எழுதியிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்ததாக இரண்டு மூன்று பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்கக் கொஞ்சம்தான் இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லித் தீர்த்துவிடுகிறேன்.

மூன்று அட்டைகள்

இந்தத் தொடரை இன்றைக்குத்தான் கையில் எடுப்பவர்களுக்காக மறுபடியும் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர். பாட்டும் கிட்டாரும் சண்முகம். இன்னொரு கிட்டாரும், ஷாக் அடிக்கிற எல்லாச் சாமான்களும் ராஜு. அவன் ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியனுக்குக் கையாள். டிரம் நான். எனக்கு அதே ஃபேக்டரியில் இலை வாடப்போடுகிற மாடியில் வேலை. மூவரும் மூணாறில் மாட்டுப்பட்டிக்கு அப்பால் ஒரு தேயிலை எஸ்டேட்டில், லயத்து வீடுகளில் பிறந்தவர்கள். எஸ்டேட் பெயரைச் சொல்லமாட்டேன். முத்துலட்சுமியின் ஆட்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள்.

கிட்டார், ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரச் சின்னதுரை விட்டுப்போனது. சண்முகத்தின் அம்மா அவர் பங்களாவில் பாத்திரம் தேய்த்தவள். கிட்டாரோடு ஒரு பெட்டி இசைத்தட்டும் வந்தது. அதில் பாடியவர்கள் என்ன பாடினார்கள் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆபீஸ் கிளார்க்கிடம் போட்டுக் காட்டினோம். அவர் காதைப் பொத்திக்கொண்டு, "இது இங்கிலீஷே இல்லடா" என்றார். ஆனால் ஒன்று விளங்கியது. தாளத்தோடு கத்தினால் அதற்கும் பாட்டு என்றுதான் பெயர்.

கத்துவதற்கு எங்களிடம் நிறைய இருந்தது. காலையில் சங்கு ஊதினால் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்கவேண்டும். கங்காணி பெயர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்று சொல்லவேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த நாளிலிருந்து எங்கள் குடும்பங்களில் அதற்குமேல் சத்தமாக யாரும் எதுவும் சொன்னதில்லை. சண்முகம் எல்லாருக்கும் சேர்த்துக் கத்தினான். இப்படியெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குப் பெண்கள் பார்க்கிறார்கள் என்பது மட்டும்தான் தெரியும்.

பார்ட்டிக்குப் பெயர் 'த லீச்சஸ்' என்று வைத்தோம். மழைக்காலத்தில் எங்கள் காட்டில் மனிதர்களைவிட அட்டைகள் அதிகம். லயத்தில் எல்லோரும் 'அட்டைப் பார்ட்டி' என்றே கூப்பிட்டார்கள்.

சண்முகம் கீழே இருக்கும்போது வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாதவன். அம்மாவின் கொழுந்துக் கூடையைத் தான் சுமந்து வருவான். மேடை ஏறினால் வேறு ஆள். சட்டையைக் கிழிப்பான். சேற்றில் புரளுவான். கிட்டாரோடு கோல் போஸ்டில் ஏறி மேலே உட்கார்ந்து பாடுவான். ஒருமுறை பாட்டின் நடுவில் மேடையிலிருந்து குதித்து, வயரையும் பிடுங்கிக்கொண்டு தேயிலைக்குள் ஓடிவிட்டான். நானும் ராஜுவும் பாடகன் இல்லாமலே வாசித்துக்கொண்டிருந்தோம். அவன் திரும்பி வந்தபோது கால் முழுக்க அட்டை. ஜனம் விசிலடித்தது. இன்றைக்கு எதை உடைப்பான் என்று பார்ப்பதற்கே பக்கத்து எஸ்டேட்களிலிருந்து நடந்து வந்தார்கள். சக்குபள்ளத்து ஏலக்காய்த் தோட்டங்களிலிருந்துகூட அழைப்பு வந்தது.

பெருமாட்டியில் ஒரு பகல்

எஸ்டேட்டுக்கு அரிசி ஏற்றிவரும் லாரி டிரைவருக்கு ஊர் பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டி. அங்கே கோயில் திருவிழாவுக்கு எங்களைக் கூட்டிப்போனார். மலையைவிட்டு இறங்கியதும் வெயிலில் எங்களுக்குத் தலை சுற்றியது. தென்னந்தோப்புக்குள் மேடை. முன்னால் வேட்டியும் துண்டுமாகத் தோட்டக்காரர்கள், மரியாதையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டு பாட்டு முடிந்தது. சண்முகம் கத்தின கத்தில் தென்னையிலிருந்து காக்கைகள் எல்லாம் போய்விட்டன. மனிதர்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையிலிருந்து ஒரு தோட்டக்காரர் எழுந்து வந்து, மிகவும் பணிவாக, "ஏனுங்க தம்பி, பாட்டு எப்பங்க ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

சண்முகத்தின் முகம் செத்துப்போயிற்று. அவன் அப்படி நின்று நான் பார்த்ததே இல்லை. பார்க்கப் பொறுக்காமல் நான் ஒரு காரியம் செய்தேன்.

என் அப்பா எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் உடுக்கை அடிப்பவர். சாமியை அழைப்பதற்கென்று ஓர் அடி இருக்கிறது. முதலில் விட்டுவிட்டு வரும், நடுவில் மூச்சு விட இடம் இருக்கும். போகப்போக அந்த இடம் சுருங்கும். கடைசியில் மூச்சு விடவே விடாது. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டது. யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதை எடுத்து டிரம்மில் போட்டேன்.

ஓரமாக நின்ற ஒரு பெண்ணின் கொண்டை அவிழ்ந்தது. இன்னொருத்திக்குத் தோள் குலுங்கியது. சண்முகத்துக்கும் என்ன ஆயிற்றோ, கிட்டாரைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தான். யாரோ ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை அவன் தலையில் கவிழ்த்தார்கள். ஆம்ப்ளிஃபயரிலிருந்து புகை வந்தது. ராஜு அலறிக்கொண்டு பிளக்கைப் பிடுங்கினான். எல்லாம் முடிந்து சண்முகம் மண்ணில் கிடந்தபோது அதே தோட்டக்காரர் ஓடிவந்தார். "சாமி, எளநி குடிங்க சாமி" என்றார். அரைமணி நேரத்துக்கு முன்னால் அவன் தம்பியாக இருந்தவன்.

திரும்பும்போது லாரியில் சண்முகம் சொன்னான். "மாப்ள, அந்த அடிய விட்டுராதல. இனிமே கடைசிப் பாட்டுக்கு அதத்தான் அடிக்கணும்."

"நெசமாவே உனக்கு எதும் வந்துச்சால?"

"எனக்கு என்ன வரும். சனம் எந்திரிச்சிச்சு பாத்தியா, அது போதும்."

அப்பா காதுக்கு விஷயம் போயிற்று. அவருக்கும் எனக்கும் அப்போது பேச்சு அவ்வளவாக இல்லை. சாராயம் உள்ளே போனால்தான் அவர் என்னோடு பேசுவார். "கோயில்ல சாமி வந்தா, வந்தது யாருன்னு கேப்போம். கையில கற்பூரம் ஏத்திச் சோதிப்போம். அதுக்குப் பெறகுதான் வாக்குக் கேப்போம். ஒங்க கூத்துல யாருல கேக்கப்போறா?" என்றார். பொறாமை என்று நினைத்தேன். மகன் அடிக்கு இத்தனை கூட்டம் கூடினால் எந்த அப்பனுக்குத்தான் வயிறு எரியாது என்று ராஜுவிடம் சொல்லிச் சிரித்தேன்.

காணாமல் போன மாடு

அதற்குப் பிறகு கூட்டம் இரண்டு மடங்கு. ஒரு கச்சேரி முடிவில் கிழவர் ஒருவர் வந்து, மாடு காணோம், எந்தத் திசை என்று சண்முகத்திடம் கேட்டார். அவன் மூச்சு வாங்கிக்கொண்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டுக் குடம் இருந்த பக்கம் கையை நீட்டினான். கிழவர் அந்தத் திசையில் போனார். மாடு கிடைத்துவிட்டது. கேட்பவன் கேனயனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடியும் என்பார்கள். எங்கள் மலையில் அன்றிலிருந்து வடிய ஆரம்பித்தது. சண்முகத்துக்கு அம்மன் வருகிறது என்று லயம் லயமாகப் பேச்சு. சண்முகத்தின் அம்மா அவன் சோற்றில் கருவாடு போடுவதை நிறுத்திவிட்டாள்.

நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்த அத்தியாயம் இல்லை.

அதைவிட மோசம், நான் மேடையில் ஒரு பித்தளைத் தட்டு வைத்தேன். அதில் விபூதி, நாலு வேப்பிலை. எல்லாம் என் யோசனை. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டது நான். சண்முகத்துக்குப் பிடிக்கவில்லை.

"இது வேணாம்ல மாப்ள. நோயி நொடின்னு வந்து கேக்காவ. எனக்குப் பயமா இருக்கு."

"நீ ஒண்ணும் பெருசா சொல்ல வேணாம்ல. துன்னூறப் பூசு. வீட்டுக்குப் போ, எல்லாம் சரியாப் போவும்னு சொல்லு. யாருக்கு என்ன நட்டம்?"

யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டவன் நான்தான். எழுதிவைக்கிறேன், இருக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்

எஸ்டேட் ஃபுட்பால் போட்டிக்குக் கடைசி நாள். ஆட்டம் முடிந்ததும் மைதானத்தில் எங்கள் கச்சேரி. மத்தியானத்திலேயே பனி இறங்கி எதிர் கோல் போஸ்ட் தெரியவில்லை. முன்னால் நாற்காலியில் கோட்டுப் போட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். கோயம்புத்தூரில் பெரிய ஹோட்டல் வைத்திருப்பவர். ஆறு மாதம் அவர் ஹோட்டலில் தினமும் வாசிக்க ஒரு பார்ட்டி வேண்டும், எங்களைப் பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார். தங்க அறை, சாப்பாடு எல்லாம் உண்டு. லயத்தைவிட்டு வெளியே போக எங்களுக்குத் தெரிந்த ஒரே வழி அந்த நாற்காலியில் இருந்தது. ராஜு அன்று காலையிலேயே சூட்கேஸ் இரவல் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

அதே காலையில் டிஸ்பென்சரியில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். முத்துலட்சுமி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள். மூன்று நாள் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியவில்லை. கம்பவுண்டர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். உடனே சீட்டு எழுதிக் கொடுத்தார். மத்தியானத்துக்கு மேல் ஃபேக்டரி வாசலில் ஜீப் வந்து நிற்கும், மூணாறு ஆஸ்பத்திரிக்கு இறக்கிவிடு, நாளைக்கு என்று வைக்காதே என்று சொல்லியிருக்கிறார்.

அவள் புருஷன் தென்காசிப் பக்கம் ஒரு சாவுக்குப் போயிருந்தான். அவள் தனியாகக் கீழே போனதே இல்லை. ஆஸ்பத்திரி என்றாலே அவளுக்கு நடுக்கம். ஆனாலும் கிளம்பிவிட்டாள். கம்பளியைச் சுற்றிக்கொண்டு, சீட்டைக் கையில் மடித்துவைத்துக்கொண்டு, லயத்திலிருந்து இறங்கினாள். லயத்திலிருந்து ஃபேக்டரிக்குப் போகும் பாதை மைதானத்தை ஒட்டித்தான் போகிறது. அங்கே வந்தபோது நான் அழைப்பு அடியை ஆரம்பித்தேன்.

கூட்டம் விலகியது. அவள் மேடையருகே வந்து குழந்தையை உயர்த்திப் பிடித்தாள்.

"ஆத்தா, புள்ளைய ஆசுபத்திரிக்கு எறக்கச் சொல்லுதாவ. எறக்கட்டுமா, வேண்டாமா? ஒரு வாக்குச் சொல்லு ஆத்தா."

சண்முகம் கண்ணை மூடி ஆடிக்கொண்டிருந்தான். அவள் குரல் கேட்டுக் கண்ணைத் திறந்தான். குழந்தையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் யாரிடமும் சொன்னதில்லை. நிறுத்து என்று கேட்ட பார்வை அது. எனக்கு நன்றாகப் புரிந்தது. அவள் கையில் சீட்டு இருப்பதும் தெரிந்தது. டிஸ்பென்சரியின் பழுப்புக் காகிதம், எட்டடி தூரத்தில்.

கோட்டுக்காரர் நாற்காலியைவிட்டு எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

நான் அடியை இன்னும் இறுக்கினேன்.

சண்முகம் தட்டிலிருந்து விபூதியை எடுத்துக் குழந்தை நெற்றியில் பூசினான். "வீட்டுக்குப் போ. எல்லாம் சரியாப் போவும்" என்றான். நான் சொல்லிக்கொடுத்ததில் ஓர் எழுத்துக் குறையாமல் சொன்னான். முத்துலட்சுமிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. சீட்டை மடியில் செருகிக்கொண்டு மேல் லயத்துக்கு ஏறிப் போனாள். ஜீப் ஃபேக்டரி வாசலில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

கோட்டுக்காரர் எங்கள் மூவருக்கும் கை கொடுத்தார். "கடிதம் போடறனுங்க, தயாரா இருங்க. அந்தக் கொளந்தைய வெச்சுப் பண்ணுனீங்க பாருங்க, அது பிரமாதமுங்க" என்றார். ஏற்பாடு செய்த காட்சி என்று நினைத்துவிட்டார். நாங்கள் மறுக்கவில்லை.

அவள் பெயர் கூப்பிட்டபோது

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி முத்துலட்சுமியின் பெயரை இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை கூப்பிடவில்லை. அதற்குள் மேல் லயத்திலிருந்து ஒப்பாரி கேட்டது.

கம்பவுண்டர் மலையாளி. எங்களோடு எங்கள் தமிழில் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் அவர் பாஷை வரும். டிஸ்பென்சரிப் படியில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஞான் சீட்டு எழுதிக் கொடுத்ததல்லே? தொண்டை அடைப்பான். கீழ போனா ஒரு ஊசி. ஒரு ஊசி மதி, போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் அந்த வழியாகத்தான் போனேன். என்னிடமும் சொன்னார்.

குழந்தையைத் தேயிலை முடிகிற சரிவில் புதைத்தார்கள். அவ்வளவு சின்னக் குழிக்கு ஆள் அதிகம் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் மூவரும் மேலே ரோட்டில் நின்றோம். கிட்டே போக எங்களுக்குத் தைரியம் இல்லை. ஒருவரும் எங்களைத் திட்டவில்லை. எங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்கள்கூட இருந்தார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. யாராவது ஒரு கல்லை எடுத்து எறிந்திருக்கலாம்.

திரும்பும்போது சண்முகம் ஒன்றே ஒன்று சொன்னான். "நீ சொல்லச் சொன்னதத்தாம்ல சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. குறையாகக்கூடச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னான், அவ்வளவுதான். அந்த வாரமே பஸ் ஏறிவிட்டான். எங்கே என்று அவன் அம்மாவிடமும் சொல்லவில்லை. கிட்டார் என் கட்டிலில் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்து கடிதம் வந்தபோது வாசிக்க ஆளில்லை. ராஜு சூட்கேஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

எனக்கு அதன்பிறகு என்னைப் பிடித்ததில்லை. வயதானால் மன்னித்துக்கொள்ளலாம் என்று சொல்கிறார்கள். எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. மன்னிக்க இன்னும் வரவில்லை.

முத்துலட்சுமி கேட்டது

பதினாறாம் நாள் முடிந்து அவள் வேலைக்கு வந்தாள். கொழுந்து எடை போடுகிற இடத்தில் என்னைப் பார்த்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்ன, ஆசைப்பட்டேன்.

"தம்பி, சண்முகம் போயிட்டானாமே?"

"ஆமாக்கா."

"நீ இருக்கேல்ல. அந்த அடிய ஒருக்கா அடிச்சு ஆத்தாகிட்ட எனக்கு ஒண்ணு கேட்டுச் சொல்லணும்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாமி வாக்குப் பொய்க்காது. நாந்தான் எதோ குத்தம் செஞ்சிட்டேன். வீட்டுக்குப் போன்னு சொல்லிச்சு. நான் நேரா வீட்டுக்குப் போவல தம்பி. செவனம்மா வீட்டு வாசல்ல நின்னு புள்ளைக்குச் சுடுதண்ணி வாங்கினேன். அதுதானான்னு கேக்கணும்."

எப்படியோ சொன்னேன். "அக்கா, அது சாமி இல்லக்கா. அது பாட்டு. நாங்க சும்மா பண்ணுன கூத்து."

அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். கொழுந்துக் கறை படிந்த கை, கசந்தது. "அப்பிடிச் சொல்லாத தம்பி. ஒனக்கு எதும் ஆயிரப்போவுது" என்றாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எனக்காகப் பயந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் எடை போடுகிற நேரத்தில் என் முகத்தைப் பார்ப்பாள். வாய்விட்டுக் கேட்கமாட்டாள். ஒரு வாரம் தாங்கினேன். இன்னொரு பொய் சொன்னாலாவது அவள் மனம் ஆறட்டும் என்று நினைத்தேன். ஒரு பொய்யில் செத்ததை இன்னொரு பொய்யால் ஆற்றலாம் என்று நினைத்த முட்டாள் நான்.

"அக்கா, கேட்டேன். ஒம்மேல குத்தம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிருச்சு. சுடுதண்ணி வாங்குனதுல ஒண்ணும் இல்லியாம். நீ எல்லாஞ் சரியாத்தான் செஞ்சியாம்."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். முகம் தெளிவதுபோல இருந்தது. கூடையைத் தூக்கப் போனவள் நின்றாள். திரும்பி வந்தாள்.

"எம்மேல குத்தம் இல்லைன்னா, பெறகு எதுக்குத் தம்பி புள்ளைய எடுத்துச்சு?"

பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.